பெரிய விசிறி, இருபத்து நான்கு மணி நேரம்

ஜெலுத்தோங், பினாங்கு
5 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி ஹரிசங்கருக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். குளுவாங்கில் நீரும் மோகனாவும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர். பாமாயில் மில்லில் முப்பது வருடம் மின்சாரம் பார்த்ததில் உமக்குக் காது போய்விட்டது. போனில் உம்மோடு பேச நான் கத்த வேண்டும். கத்தினால் பதினோராவது மாடியிலிருந்து தரை வரை விஷயம் இறங்கிவிடும், லிஃப்ட் ஓடாத நாளிலும். வாட்ஸ்அப்பில் எழுதினால் கோப்பில் நகல் இருக்காது. நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கோப்பில் இல்லாதது நடக்கவேயில்லை.

பொருள்: வேனுக்குச் சோலார் மின்சாரம்.

உமது அக்கா முப்பத்தொரு வருடம் புவியியல் கற்பித்தார். தீபகற்பத்தின் கிழக்குக் கரையைக் கரும்பலகையில் ஆயிரம் முறை வரைந்திருப்பார், பார்த்ததில்லை. நாங்கள் பயணம் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். கிழக்கே நம் உறவினர் யாரும் கல்யாணம் செய்யவுமில்லை, சாகவுமில்லை. ஆகவே ஒரு பழைய வேன் வாங்கி, படுக்கை போட்டு, கிரிக் வழியாக மலையைக் கடந்து பாச்சோக் கடற்கரை வரை போய்வர உத்தேசம். நவம்பரில் அந்தப் பக்கம் அடைமழை. அதற்கு முன் போக வேண்டும். மலைப்பாதையில் பிளக் கிடையாது. ஊர்களில் விடுதிகள் உண்டு. ஆனால் விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் பார்வை அக்காவுக்குப் பிடிக்காது.

தேவைப் பட்டியல்: விளக்கு இரண்டு, தலா 6 வாட்ஸ், 4 மணி நேரம். போன் சார்ஜர் ஒன்று. ரைஸ் குக்கர் 400 வாட்ஸ், அரை மணி நேரம். பெரிய விசிறி ஒன்று, 300 வாட்ஸ், 24 மணி நேரம். ஒதுக்கீடு, வண்டி நீங்கலாக, ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்).

அக்கா உம்மைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அத்தான் விஸ்வலிங்கம்


குளுவாங்
19 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இருவரும் சுகம். மோகனாவின் முழங்கால் மட்டும் தனியாக ஒரு வாழ்க்கை நடத்துகிறது.

பட்டியலைக் கேண்டீனில் விரித்து வைத்திருந்தேன். பாய்லர் பார்க்கும் தங்கராஜு எட்டிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, உங்க அத்தான் வேன் வாங்குறாரா, ஐஸ் பெக்டரி வாங்குறாரா?” என்றான். “கவர்மெண்டுல வேல பாத்தவருடா, எல்லாம் பெருசாத்தான் கேப்பாரு” என்றேன்.

300 வாட்ஸ் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டுக்கு மேல். உங்கள் ஒதுக்கீட்டில் இரண்டு பேனலும் ஒரு பேட்டரியும் வரும். அவை நல்ல வெயிலில் ஒரு யூனிட் சொச்சம் தரும். அதாவது உங்கள் விசிறிக்கு நான்கு மணி நேரம். மீதி இருபது மணி நேரம் நீங்கள்தான் வீச வேண்டும்.

விசிறியைக் குறையுங்கள் அத்தான். விசிறி இல்லாமல் யாரும் செத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அக்காவுக்கு என்ன கோபம்? ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துப் போன் செய்தாலும் இரண்டே வார்த்தை, “அடுப்புல வேலடா.” எந்த நேரம் கூப்பிட்டாலும் அடுப்பா?

இப்படிக்கு,
ஹரி


ஜெலுத்தோங்
4 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

மோகனாவின் முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பைத் தெரிவிக்கவும். அக்காவுக்குக் கோபம் ஏதுமில்லை. அடுப்பில் வேலை அதிகம்.

பார்வை: தங்கள் 19 பிப்ரவரி கடிதம். ஒதுக்கீடு போதாதபோது தேவையைத் திருத்துவதே எங்கள் அலுவலக முறை. அம்முறையில் பாலங்கள் சாக்கடைகளாகிப் பார்த்திருக்கிறேன். எனவே ரைஸ் குக்கர் நீக்கப்படுகிறது. விளக்கு ஒன்றாகக் குறைக்கப்படுகிறது. பெரிய விசிறி 16 மணி நேரம். அதற்குக் கீழே போகக்கூடாது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார்.

வேன் வாங்கியாகிவிட்டது. சிம்பாங் அம்பாட்டில் அப்துல் காதர் என்பவரிடம். “அண்ணே, பத்து வருசமா பெக்டரி ஆளுங்கள ஏத்துன வண்டி. ஒரு நாள்கூட லேட் ஆனதில்ல லா” என்றார். அப்படிப்பட்ட வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். “வண்டி டயத்துக்குப் போச்சு. பெக்டரிதான் மூடிட்டாங்க” என்றார்.

இருக்கைகளைக் கழற்றியாகிவிட்டது. படுக்கையின் தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அத்தான்


குளுவாங்
20 மார்ச் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். முழங்காலும் விசாரிப்பை ஏற்றுக்கொண்டது.

16 மணி நேரமும் முடியாது. உலகத்தில் எவனாவது சோற்றை விட்டுவிட்டு விசிறியைப் பிடித்துக்கொள்வானா? கிழக்குக் கரையில் கடல்காற்று இலவசம். அதை வாங்கத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்?

உங்களோடு வாதாடி மாளாது. 12 வோல்ட் விசிறி ஒன்று, 15 வாட்ஸ், பார்சலில் அனுப்பியிருக்கிறேன். லாரிக்காரர்கள் வைத்துக்கொள்வது. இரவு முழுக்க ஓடினாலும் பேட்டரிக்குத் தெரியாது. அக்காவின் தலைமாட்டில் மாட்டுங்கள். பெரிய விசிறியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஹரி


ஜெலுத்தோங்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவமனையில் ஒருவருக்கு ஆறு நாள் துணையிருக்க நேர்ந்தது. இப்போது வீட்டில் இருவரும் இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகந்தானே?

உமது சிறிய விசிறி கிடைத்தது. நல்ல பொருள். அக்கா அதைச் சுற்றவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உமக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பெரிய விசிறியைப் பொறுத்தவரை, 16 மணி நேர ஏற்பாட்டை வேனுக்கு முன் வீட்டிலேயே பரீட்சார்த்தமாக நடைமுறைப்படுத்திப் பார்த்தோம். மூன்றாம் நாள் கைவிட நேர்ந்தது. ஆகவே தயவுசெய்து 24 மணி நேரத்தை மீண்டும் சேர்த்துக்கொள்ளவும். ஒதுக்கீட்டில் மாற்றமில்லை.

இது முரணாகத் தோன்றும் என்பதை அறிவேன்.

அத்தான்


குளுவாங்
3 மே 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தான். மருத்துவமனையில் இருந்தவருக்கு இப்போது எப்படி?

முரணாகத் தோன்றவில்லை, பைத்தியமாகத் தோன்றுகிறது. முதலில் 24, பிறகு 16, மறுபடியும் 24. தங்கராஜு, “அண்ணே, அந்த விசிறிய விட்டுட்டு உங்க அத்தானத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்கிறான்.

கடைசியாகச் சொல்கிறேன். எட்டு மணி நேரம். நான்கு வெயிலில் இருந்து, நான்கு வண்டி ஓடும்போது எஞ்சினில் இருந்து. ஒப்புக்கொண்டால் சாமான் பட்டியல் அனுப்புகிறேன். இல்லையென்றால் அக்காவை அங்கேயே பினாங்கில் உள்ள பத்து பெரிங்கி கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சான் வாங்கிக் கொடுங்கள், அங்கேயும் கடல்தான்.

ஹரி


ஜெலுத்தோங்
12 மே 2024

டேய் ஹரி,

உறையின் மேல் இருப்பது உன் அத்தானின் கையெழுத்து. உள்ளே இருந்த அவருடைய கடிதம் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இதை உள்ளே வைத்து நானே ஒட்டிவிட்டேன். நான் கீழே இறங்குவதில்லை. மாலையில் அவரே கொண்டுபோய்ப் போடுவார். முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் ஒட்டிய உறையைப் பிரிக்காமல் சுமந்தவர். இனிமேலா பிரிக்கப் போகிறார்?

நீ சுகமா? நான் இல்லை.

அவர் எழுதி வைத்திருந்தது: “எட்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன்.” கையெழுத்து வழக்கம்போல் அழகாக இருந்தது, கடைசி வரியைத் தவிர. கோப்பை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேரம் பேசிய பெரிய விசிறி என் மூக்கில் இருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் விடும் மெஷின். என் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. மருந்து இல்லை, மெஷின்தான் உண்டு. டிசம்பரிலிருந்து. அடுப்பில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியது நான். உன்னை எனக்குத் தெரியும். நீ வந்து அழுவாய். உன்னைத் தேற்ற என்னிடம் மூச்சு இல்லை.

பதினாறு மணி நேரப் பரீட்சைக்கு நானும் சம்மதித்தேன். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ், ஆறு நாள் வார்டு. அவரைக் குறை சொல்லாதே. ஒதுக்கீட்டுக்குள் அடக்கிவிட்டால் எதுவும் நடந்துவிடும் என்று அவருடைய அலுவலகம் கற்றுக்கொடுத்திருக்கிறது. இன்னும் இரண்டு கடிதம் போனால் என்னை விளக்கோடு சேர்த்து நீக்கியிருப்பார், கண்ணீரோடு.

இங்கே தினமும் யாராவது என்னைப் பார்க்க வருகிறார்கள். மைலோ பவுடர் டின்னை வைத்துவிட்டு, நான் எவ்வளவு இளைத்திருக்கிறேன் என்று அளந்துகொண்டு போகிறார்கள். பதினோரு டின் இருக்கிறது. யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நான் எதையாவது பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கடற்கரை. நவம்பருக்கு நான் இருப்பேன் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு மாதிரியாகச் சொன்னதுதான்.

போன் செய்யாதே. பதிலை எனக்கு எழுதாதே; அவர்தான் பிரிப்பார். கணக்கை மட்டும் சரியாகப் போடு.

உன் அக்கா


குளுவாங்
24 மே 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். எட்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்ட உங்கள் கடிதம் கிடைத்தது.

ஆனால் என் கணக்கில் பிழை இருந்தது. வண்டி எஞ்சினிலிருந்து எடுக்கக்கூடியதைக் குறைத்துப் போட்டுவிட்டேன். மூன்று பேனல், பெரிய சார்ஜர், நான்கு பேட்டரி. பேட்டரி மில்லில் கழித்துப் போட்டவை, செலவில்லை. வீட்டில் பிளக்கில் போட்டு நிரப்பிக்கொண்டு கிளம்பினால், நான்கு நாள் எங்கும் பிளக் தேடாமல் பெரிய விசிறி 24 மணி நேரமும் ஓடும். பிறகு எங்காவது ஓர் இரவு பிளக் போட்டுக்கொள்ளலாம்.

பழைய கடிதங்களில் விசிறியைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் கோப்பிலிருந்து எடுத்துவிட முடியுமா? முடியாது என்பீர்கள். கேட்டுவைக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் நானே வந்து மாட்டித் தருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், வயர் போடத்தான் வருகிறேன். வயர் போடுகிறவன் வேறு எதுவும் செய்ய மாட்டான்.

ஹரி


ஜெலுத்தோங்
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மோகனா தகவல் அனுப்பினார். இங்கே இருவரும் இருக்கிறோம்.

பார்வை: தங்கள் மூன்று நாள் வேலை. நீர் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்ததை அக்கா பதினோராவது மாடியிலிருந்து பார்த்தார். “கால் மட்டும்தான் தெரியுது. நல்லது” என்றார். மூன்றாம் நாள் மாலைதான் மேலே வந்தீர். ஒன்றும் கேட்கவில்லை. அக்கா, “என்னடா வெயிட் போட்டுட்ட” என்றார். “மோகனா சமையல்கா” என்றீர். பிறகு பெரிய விசிறியைத் திருப்பிவைத்து, பின்பக்க வடிகட்டியைக் கழற்றி, குழாயடியில் கழுவி, துண்டால் ஒற்றி மாட்டினீர். குழாயடியில் வேலைக்குத் தேவையானதைவிட அதிக நேரம் நின்றீர். தண்ணீரைத் திறந்தே விட்டிருந்தீர்.

மின்விசிறிக்கு வடிகட்டி கிடையாது. 

மில்லில் கழித்துப் போட்ட பேட்டரிகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்ததையும் கவனித்தேன். உங்கள் மில் வளமான மில்.

நீர் ஊர் திரும்பியபின், அதே மாதிரி இன்னொரு விசிறியை இரவல் வாங்கி வண்டியில் வைத்துச் சோதித்தோம். விசிறி இருபத்தாறு மணி நேரம் ஓடியது, நான்தான் நிறுத்தினேன். ஜூலை எட்டாம் தேதி புறப்படுகிறோம்.

எட்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டு நான் எழுதிய கடிதம், அனுப்பிய பிறகும், நேற்று தலையணை உறை மாற்றும்போது கிடைத்தது. கோப்பில் சேர்த்துவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


பாச்சோக், கிளந்தான்
13 ஜூலை 2024

ஹரி,

இந்த அட்டையில் இடம் குறைவு, எனக்கு வசதி.

வந்துவிட்டோம். மலைமேல் நூறு கிலோமீட்டருக்கு ஒரு பிளக் இல்லை, ஒரு உறவினர் இல்லை. யானைச் சாணம் பார்த்தேன். யானை எங்களைப் பார்க்க வரவில்லை. மரியாதை தெரிந்த மிருகம்.

உன் அத்தான் மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். இரவில் எழுந்தும் எழுதுகிறார். மீட்டர் நன்றாக இருக்கிறது. அவர்தான் இளைக்கிறார்.

இந்தக் கரையைப் பலகையில் ஒரே கோடாக இழுத்துவிட்டு, மேற்குக் கரையில்தான் வளைவுகளுக்கு நேரம் செலவழிப்பேன். இது உண்மையிலேயே நேராகத்தான் இருக்கிறது. மாணவர்களுக்குப் பொய் சொல்லவில்லை.

பின்கதவைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறேன். கடல் இந்தப் பக்கம் சத்தம் அதிகம். மெஷின் சத்தம் கேட்கவில்லை. ஏழு மாதத்தில் முதல் முறை.

மோகனாவுக்கு அன்பு. அழாதே.

அக்கா


ஜெலுத்தோங்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகந்தானே?

தேவைப் பட்டியலில் திருத்தம். வேனில் அல்ல, வீட்டில். பெரிய விசிறி இப்போது இரண்டு, ஒரே குழாயில் இணைக்கப்பட்டிருக்கின்றன. 600 வாட்ஸ், 24 மணி நேரம். இதற்குமேல் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மெஷின் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழுது எதுவும் இல்லை. வரும்போது கருவிப் பெட்டி கொண்டுவர வேண்டாம்.

அத்தான்


ஜெலுத்தோங்
20 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி ஹரிசங்கருக்கு,

இங்கே இருக்கிறேன். அங்கே நீரும் மோகனாவும் நலமாக இருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து நீர் போனபின் எழுதவில்லை. எழுத விஷயமில்லை என்று நினைத்திருந்தேன். அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடித்து வந்தேன். இப்போது பட்டியல் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மெஷின்களை இரவல் கொடுத்த அறநிலையத்திலிருந்து போன வாரம் சித்தி ஹாஜரா என்ற பெண்மணி வந்தார். “அங்கிள், நல்லா வெச்சிருக்கீங்க. பில்டர்கூட க்ளீனா இருக்கு” என்றார். முதலில் வந்த மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினார். இதுவரை ஓடிய மணி நேரம் எண்ணாக வந்தது. அந்த மெஷின் அதைத் தன் உள்ளே எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நாங்கள் வாங்கும்போது இருந்த எண்ணைப் படிவத்தில் பார்த்துக் கழித்தேன். 6,640 மணி நேரம். ஏப்ரலில் நாங்கள் நிறுத்திய மூன்று நாள் எட்டெட்டு மணி நேரமும் அதில் குறைவாகவே இருக்கிறது. அதை எந்தத் திருத்தத்தாலும் சேர்க்க முடியாது.

“அடுத்தது தாசேக் கெலுகோருக்குப் போகுது அங்கிள். ஒரு வயசானவரு, ரெண்டு வாரமா வெயிட்டிங்” என்றார் அந்தப் பெண்மணி. சீக்கிரம் கொண்டுபோங்கள் என்று நானே லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் ஓடியது.

பார்க்க வருகிறவர்கள் இப்போது என்னைப் பார்க்க வருகிறார்கள். அதே மைலோ. மணி அடித்தால் பின் படிக்கட்டு வழியாக இறங்கி வேனில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். உமது சிறிய விசிறி தலைமாட்டில் ஓடுகிறது. கதவைத் திறந்து வைத்தால் எதிரே மோட்டார் சைக்கிள்கள் தெரியும்.

இது சம்பந்தமாக ஒரு சந்தேகம். தற்போதைய தேவை: விளக்கு ஒன்று, 6 வாட்ஸ், இரண்டு மணி நேரம். போன் சார்ஜர். சிறிய விசிறி, 15 வாட்ஸ், பகலில் கொஞ்சம். இந்த மாதம் பினாங்கில் மழை இல்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் மீட்டரில் பேட்டரி நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. அதற்குமேல் பேனல்கள் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. மாலை ஏழு மணி வரை அடிக்கும் வெயிலுக்கு இந்த வண்டியில் வேலையில்லை. நோட்டில் தினமும் எழுதி வருகிறேன்: நிரம்பியது, நிரம்பியது, நிரம்பியது.

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தக்க ஆலோசனை கூறவும்.

அன்புடன்,
அத்தான் விஸ்வலிங்கம்